கடைசல் வெட்டுளியைக் கையால் சாணை பிடித்தல்

கடைசல் பொறியில், அதாவது லேத்தில், சுழலும் உலோகத்தைச் சீவி எடுக்கும் சிறு எஃகுத் துண்டுக்கு வெட்டுளி என்று பெயர். பட்டறைகளில் அதை டூல் என்றோ டூல் பிட் என்றோ சொல்வார்கள். கடையில் வாங்கும்போது அது நான்கு பக்கமும் தட்டையான சதுரக் கட்டையாகவே இருக்கும். அதனால் எதையும் வெட்ட முடியாது. சாணைக்கல்லில் பிடித்து, செய்ய வேண்டிய வேலைக்கு ஏற்ற முகங்களையும் கோணங்களையும் உண்டாக்கிய பின்பே அது வெட்டுளி ஆகிறது. இதைக் கையால் செய்யக் கற்பது டர்னர் தொழிலின் முதல் பாடங்களில் ஒன்று. மாணவர்கள் அதிகம் தடுமாறும் பாடமும் இதுதான்.

கணினி வழி இயங்கும் பொறிகளில் இப்போது இன்சர்ட் எனப்படும் ஆயத்த கார்பைடு வில்லைகளைத் திருகால் பொருத்துகிறார்கள். முனை தேய்ந்தால் வில்லையைத் திருப்பி வைத்தால் போதும். அப்படியிருக்க, கையால் சாணை பிடிக்க ஏன் கற்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பெரிய தொழிற்சாலையின் உற்பத்திப் பிரிவை மட்டும் வைத்துப் பார்த்தால் அது நியாயமான கேள்விதான். ஆனால் வேலை என்பது அங்கு மட்டும் இல்லை.

முண்டியம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் இடையில் உள்ள இவ்வூரில் ராஜஸ்ரீ நிறுவனத்தின் சர்க்கரை ஆலை இருக்கிறது. சுற்றிலும் கரும்பு வயல்கள். இத்தகைய பகுதியில் லேத் பட்டறைக்கு வருவது ஒரே மாதிரியான ஆயிரம் உருப்படிகள் அல்ல. தேய்ந்த மோட்டார் தண்டு, டிராக்டர் டிரெய்லரின் ஊசி, பித்தளைப் புஷ், உடைந்த கப்பி, மரை போன குழாய் என்று ஒவ்வொன்றும் தனி வேலை. ஒவ்வொன்றுக்கும் உலோகமும் வேறு, வடிவமும் வேறு. தேவையான வடிவத்தில் ஆயத்த வில்லை கையில் இருக்காது. சதுரக் கட்டையைச் சாணை பிடித்துத் தேவையான முனையைக் கால் மணி நேரத்தில் உருவாக்கத் தெரிந்தவரே அந்த வேலையை எடுக்க முடியும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் படித்துவிட்டுச் சொந்த ஊரிலேயே தொழில் செய்ய நினைக்கும் மாணவருக்கு இது பிழைப்பைத் தீர்மானிக்கும் திறன்.

சர்க்கரை ஆலையின் உருளை

பொதுவாகச் சர்க்கரை ஆலைகளில் கரும்பைப் பிழியும் உருளைகள் எஃகுத் தண்டின் மேல் வார்ப்பிரும்பு உறை ஏற்றப்பட்டவை. உறையைச் சுற்றிலும் ஆங்கில 'வி' எழுத்தைப் போன்ற பள்ளங்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கும். கரும்பைப் பற்றி இழுக்கவும் சாறு வடியவும் இவை தேவை. கரும்போடு வரும் மண்ணும் மணலும் இந்தப் பள்ளங்களைத் தேய்க்கின்றன. ஆகவே அரவை இல்லாத மாதங்களில் உருளைகளைப் பெரிய கடைசல் பொறியில் ஏற்றிப் பள்ளங்களை மறுபடி வெட்டுவார்கள். இங்கே வெட்டுளியின் முனை எந்தக் கோணத்தில் சாணை பிடிக்கப்பட்டதோ அதே கோணம்தான் பள்ளத்திலும் பதியும். ஓர் உருளையின் பல்வரிசை அடுத்த உருளையின் பள்ளங்களுக்குள் இறங்கிச் சேர்ந்து சுழல வேண்டியிருப்பதால், சாணையில் நேர்ந்த தவறு ஆலையின் அரவையில்தான் வெளிப்படும். இப்படித் தன் வடிவத்தையே பொருளில் பதிக்கும் உளியை வடிவ உளி என்பர்.

மரை வெட்டும் உளியும் அந்த வகையைச் சேர்ந்தது. மெட்ரிக் மரைக்கு 60 பாகைக் கோணம் வேண்டும். தண்ணீர்க் குழாய்களில் உள்ள பிரிட்டிஷ் குழாய் மரைக்கு 55 பாகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 60 பாகை உளியால் குழாய் மரை வெட்டினால் கப்ளிங் ஏறும், ஆனால் தண்ணீர் கசியும். இதைச் சரிபார்க்கச் சென்டர் கேஜ் என்ற சிறு தகடு உண்டு. உளியின் முனையை அதன் வெட்டுக்குள் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கோணம் பிழையான இடத்தில் ஒளிக்கீற்று தெரியும்.

எஃகு எப்படி வந்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வெட்டுளிகள் சாதாரணக் கார்பன் எஃகால் செய்யப்பட்டன. ஏறத்தாழ 200 முதல் 250 பாகை செல்சியஸ் சூட்டிலேயே அவை கடினத்தை இழந்துவிடும் என்பதால் மெதுவாகத்தான் வெட்ட முடியும். 1868இல் இங்கிலாந்தின் இராபர்ட் மஷெட் டங்ஸ்டனும் மாங்கனீசும் கலந்த எஃகை உருவாக்கினார். அதன்பின் அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில் பிரெடரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும், உளியை உருகுநிலைக்கு அருகில் வரை சூடாக்கிக் கடினப்படுத்தினால் அது சூட்டை வெகுவாகத் தாங்குகிறது என்று கண்டனர். அவ்வளவு சூடாக்கினால் எஃகு கெட்டுவிடும் என்பதே அதுவரை எல்லாரும் நம்பிய செய்தி. 1900இல் பாரிஸ் கண்காட்சியில், முனை சிவந்த நிலையிலும் வெட்டிக்கொண்டிருந்த அவர்களது உளிகளைப் பொறியாளர்கள் பார்த்து வியந்தனர். ஹைஸ்பீடு எஃகு என்று இன்றும் அழைக்கப்படும் வகை இதிலிருந்து வளர்ந்தது. சுமார் 600 பாகை வரை அது கடினம் குறையாமல் நிற்கும். நெடுங்காலம் வழக்கில் இருந்த வகையில் டங்ஸ்டன் 18, குரோமியம் 4, வெனேடியம் 1 விழுக்காடு. இப்போது பரவலாகக் கிடைக்கும் எம்2 வகையில் டங்ஸ்டன் ஏறக்குறைய 6, மாலிப்டினம் 5 விழுக்காடு.

எஃகில் மாங்கனீசு சேர்க்கும் கதையில் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1993 வரை விழுப்புரமும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அங்குள்ள பரங்கிப்பேட்டையில் 1830இல் இரும்பாலை தொடங்கிய ஜோசியா மார்ஷல் ஹீத், பின்னர் இங்கிலாந்து திரும்பி, உருக்கு எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு எஃகுத் தொழில் அதனால் பெரும் இலாபம் அடைந்தது. ஹீத்தோ வழக்குகளில் அலைந்து, பயன் காணாமலே இறந்தார்.

இரண்டு கோணங்கள்

பாடநூல்களில் வெட்டுளிக்குப் பல கோணங்கள் சொல்லப்பட்டிருக்கும். மாணவர் அவற்றை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு, சாணைக்கல் முன் நின்றதும் குழம்பிவிடுவார். முதலில் இரண்டை மட்டும் புரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, கிளியரன்ஸ் எனப்படும் விலகு கோணம். உளியின் வெட்டும் விளிம்பு மட்டுமே உலோகத்தைத் தொட வேண்டும். அதற்குக் கீழே உள்ள பகுதி தொடாமல் உள்வாங்கியிருக்க வேண்டும். தொட்டால் உளி வெட்டாது, உரசும். உரசினால் சூடேறும், விளிம்பு மழுங்கும். முன்பக்கத்திலும் இடப்பக்கத்திலும் 8 முதல் 10 பாகை விலகல் பெரும்பாலான வேலைகளுக்குப் போதுமானது. அளவு மீறினால் விளிம்புக்குக் கீழே தாங்க உலோகம் இல்லாமல் முனை பொரிந்து போகும்.

மற்றது ரேக் எனப்படும் மேற்சரிவு. சீவல் வழுக்கிச் செல்லும் மேல்முகத்தின் சாய்வு இது. சாய்வு கூடினால் உளி கத்தி போல் எளிதாக வெட்டும், ஆனால் முனை மெலியும். எனவே உலோகத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். மைல்டு ஸ்டீலுக்குப் பக்கச் சரிவு 12 முதல் 15 பாகை நன்றாக வேலை செய்யும். வார்ப்பிரும்பின் சீவல் பொடியாக உதிர்வதால் அதற்கு 5 பாகை அளவு போதும். அலுமினியத்துக்கு அதிகச் சரிவு வேண்டும். பித்தளைக்குச் சரிவே வேண்டாம். மேல்முகம் தட்டையாக இருக்கட்டும். சரிவு கொடுத்த உளியைப் பித்தளையில் வைத்தால் அது தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டு பொருளைக் கெடுத்துவிடும். இதை ஒருமுறை அனுபவித்த மாணவர் பிறகு மறப்பதில்லை.

கோணமானி இல்லாமலும் விலகு கோணத்தை அளக்கலாம். 10 மி.மீ. உயரமுள்ள கட்டையில் 10 பாகை என்றால், அடிவிளிம்பு மேல்விளிம்பைவிட ஏறக்குறைய 1.8 மி.மீ. உள்ளே இருக்கும். 8 பாகைக்கு 1.4 மி.மீ. பத்தாம் வகுப்பில் படித்த டேன்ஜென்ட் விகிதம்தான் இது. உளியைச் சமதளத்தில் வைத்து அதன் மேல்விளிம்பை ஒட்டி மூலைமட்டத்தை நிறுத்தினால் அந்த இடைவெளியைக் கண்ணால் மதிப்பிடலாம்.

சாணைக்கல்லும் பாதுகாப்பும்

ஹைஸ்பீடு எஃகுக்கு அலுமினியம் ஆக்சைடு கல் ஏற்றது. முரட்டு வேலைக்கு 36 அல்லது 46 எண் மணலும், இறுதி வேலைக்கு 60 அல்லது 80 எண் மணலும் உள்ள கற்கள் வழக்கம். இவ்வகைக் கற்களைத் தமிழ்நாட்டிலேயே செய்துவரும் கார்பொரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954இல் தொடங்கப்பட்டது.

200 மி.மீ. விட்டமுள்ள கல் நிமிடத்துக்கு 2,800 முறை சுழன்றால் அதன் விளிம்பு வினாடிக்கு ஏறக்குறைய 29 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இது மணிக்கு 105 கி.மீ. விரிசல் விட்ட கல் இந்த வேகத்தில் உடைந்து சிதறினால் எதிரே நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. எனவே புதுக் கல்லைப் பொருத்துமுன் விரலில் தொங்கவிட்டு மரப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கல் தெளிவாக ஒலிக்கும், விரிசல் உள்ளது மந்தமாக ஒலிக்கும். பொறியை இயக்கியதும் ஒரு நிமிடம் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்க வேண்டும். உளியைத் தாங்கும் மேடைக்கும் கல்லுக்கும் இடையில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. மிகுந்தால் உளி அதற்குள் சிக்கி விரலையும் சேர்த்து இழுக்கும். கையுறை அணியக் கூடாது. துண்டு, தளர்ந்த சட்டைக்கை, கழுத்துச் சங்கிலி எதுவும் ஆகாது. தட்டைக் கல்லின் பக்கவாட்டில் அழுத்தித் தீட்டுவது பல பட்டறைகளில் காணப்படும் பழக்கம். அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்ட கல் அல்ல அது.

கண்ணாடி அணியாமல் சாணை முன் நிற்கவே கூடாது. 'ஒரு நிமிட வேலைதானே' என்று நிற்பவர் கண்ணில்தான் பொறி விழுகிறது. விழுந்தால் கண்ணைக் கசக்குவதும், துணி நுனியாலோ தீக்குச்சியாலோ தோண்டி எடுப்பதும், பக்கத்தில் உள்ளவரை நாக்கால் எடுக்கச் சொல்வதும் கருவிழியை மேலும் கிழித்துப் புண்ணாக்கும். கருவிழியில் தங்கிய இரும்புத் துகள் ஒரு நாளுக்குள்ளேயே சுற்றிலும் துருவளையம் உண்டாக்கத் தொடங்கிவிடும். வலி குறைந்துவிட்டது என்று காத்திருக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முண்டியம்பாக்கத்திலேயே இருக்கிறது.

ஓர் உளியை உருவாக்கும் முறை

வலக்கை டர்னிங் டூல் எனப்படும் உளியிலிருந்து தொடங்குவது வழக்கம். இது வலமிருந்து இடமாக, சக்கை நோக்கி நகர்ந்து வெட்டும். ஆகவே வெட்டும் விளிம்பு இதன் இடப்பக்கத்தில் அமைகிறது. ஹைஸ்பீடு கட்டை விலை கூடியது என்பதால் முதலில் அதே அளவுள்ள மைல்டு ஸ்டீல் சதுரக் கம்பியில் பழக வேண்டும். அதற்கும் முன், ஒரு சோப்புக் கட்டியைக் கத்தியால் அந்த வடிவத்தில் செதுக்கிப் பார்ப்பது நல்லது. எந்த முகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்ற குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் இடப்பக்க முகம். கட்டையின் அடிப்பகுதி கல்லை நோக்கியும், மேல்விளிம்பு கல்லிலிருந்து சற்று விலகியும் இருக்குமாறு சாய்த்துப் பிடிக்க வேண்டும். இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, மணிக்கட்டை அசைக்காமல், உடலையே இடமும் வலமுமாக மெல்ல நகர்த்துவது பழகியவர்களின் முறை. ஒரே இடத்தில் அழுத்தினால் கல்லில் பள்ளம் விழும். தீப்பொறி முதலில் கீழ்நோக்கிப் பாயும். முகம் மேல்விளிம்பை எட்டியதும் சில பொறிகள் விளிம்பைத் தாண்டி மேலே வரும். அதுதான் நிறுத்த வேண்டிய நேரம்.

கற்பவரின் முதல் உளியில் ஒரே முகம் இருக்க வேண்டிய இடத்தில் நான்கைந்து பட்டைகள் இருக்கும். ஒவ்வொரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கும்போதும் கோணம் மாறுவதால் வருவது இது. அடிக்கடி எடுத்துப் பார்க்கத் தோன்றும் ஆசையை அடக்குவதே பாதிப் பயிற்சி. முகத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டுத் தீட்டினால், கல் எந்த இடத்தைத் தொடுகிறது என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது முன்முகம். இதே முறையில் கீழ்ப்பகுதி உள்வாங்கும்படி தீட்டி, இடப்பக்க விளிம்போடு ஒரு கூர்முனையில் சேருமாறு செய்ய வேண்டும். மூன்றாவதாக மேற்சரிவு. வெட்டும் விளிம்பிலிருந்து வலப்புறமாக மேல்முகம் இறங்கிச் செல்ல வேண்டும். விளிம்பையே தேய்த்து உயரத்தைக் குறைத்துவிடக் கூடாது. கடைசியாக, ஊசி போன்ற முனையை 0.4 முதல் 0.8 மி.மீ. ஆரமுள்ள சிறு வளைவாக மாற்ற வேண்டும். கூராக விட்ட முனை முதல் வெட்டிலேயே உடையும். உடையாவிட்டாலும் பொருளின் மேல் மரை போன்ற கோடுகளை விட்டுச் செல்லும். பின் எண்ணெய்க் கல்லில் மூன்று முகங்களையும் கையால் சில முறை தேய்த்துப் பிசிரை நீக்க வேண்டும். பலர் சோம்பலால் விட்டுவிடும் வேலை இது. கடைந்த பரப்பின் வழவழப்பில் இதன் வேறுபாடு தெரியும்.

தீட்டும்போது உளி நீலம் பாய்ந்தால் கெட்டுவிட்டது என்று சொல்வார்கள். கார்பன் எஃகு உளிகள் இருந்த காலத்தில் அது சரி. நீலம் சுமார் 300 பாகையில் தோன்றும், அதற்குள் அந்த எஃகு இளகிவிடும். ஹைஸ்பீடு எஃகு 550 பாகைக்கு அருகில் பதப்படுத்தப்பட்டது என்பதால் இலேசான நீலம் அதைக் கெடுப்பதில்லை. அதைவிடக் கேடு, மிகவும் சூடான உளியைத் தண்ணீரில் திடீரென்று முக்குவது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டாகி முனை பிறகு உதிரும். விரல் தாங்காத சூடு வருமுன்பே அடிக்கடி நனைத்துக்கொள்வது நல்லது.

வெட்டிப் பார்த்தல்

உளி சரியா என்பதைப் பொறிதான் சொல்லும். மைல்டு ஸ்டீலுக்கு ஹைஸ்பீடு உளியின் வெட்டு வேகம் நிமிடத்துக்கு சுமார் 30 மீட்டர். அதை 1000ஆல் பெருக்கி, விட்டத்தையும் பையையும் (3.14) பெருக்கி வந்ததால் வகுத்தால் சுழல்வேகம் கிடைக்கும். 25 மி.மீ. கம்பிக்கு அது நிமிடத்துக்கு 380 சுற்று அளவில் வரும்.

உளியைச் சுழல் மையத்தின் உயரத்தில் பொருத்துவது இங்கே மிக முக்கியம். நன்றாகச் சாணை பிடித்த உளியையும் இது பயனற்றதாக்கிவிடும். 20 மி.மீ. கம்பியில் முனை மையத்துக்கு மேல் வெறும் 1 மி.மீ. உயர்ந்திருந்தால், 5.7 பாகை விலகு கோணம் பறிபோகிறது. 8 பாகையில் மிஞ்சுவது இரண்டு சொச்சம்தான். உளி உரசத் தொடங்கும். மாணவரோ சாணையில் தவறு என்று எண்ணி மறுபடி தீட்டப் போவார். இதைத் தவிர்க்க, மெல்லிய எஃகு அளவுகோலை முனைக்கும் நின்றிருக்கும் கம்பிக்கும் இடையில் இலேசாகப் பிடித்துப் பார்க்கலாம். அளவுகோல் செங்குத்தாக நின்றால் உயரம் சரி. அதன் மேல்நுனி கம்பியின் பக்கம் சாய்ந்தால் உளி உயரம், இயக்குபவர் பக்கம் சாய்ந்தால் தாழ்வு.

வெட்டு தொடங்கியதும் ஒலியையும் சீவலையும் கவனிக்க வேண்டும். சீரான ஓசையோடு சுருள் சுருளாகச் சீவல் வந்தால் நல்லது. கீச்சென்ற ஒலியும் அதிர்வும் வந்தால், உளி வெளியே அதிகம் நீட்டியிருக்கிறதா, முனை வளைவு மிகப் பெரிதா என்று பார்க்க வேண்டும். உளியைக் கழற்றிப் பார்க்கும்போது வெட்டும் விளிம்புக்குக் கீழே பளபளப்பான பட்டை தெரிந்தால் அங்கே உரசியிருக்கிறது என்று பொருள். விலகு கோணம் போதவில்லை. நீண்டு சுற்றும் சீவலைக் கையால் இழுக்கக் கூடாது. பொறியை நிறுத்திவிட்டுக் கொக்கியால் எடுக்க வேண்டும். அதன் ஓரம் பிளேடு போன்றது.

கார்பைடு முனை பற்றவைத்த உளிகளுக்கு முறை வேறு. அவற்றுக்குப் பச்சை நிறச் சிலிக்கான் கார்பைடு கல் வேண்டும். தீட்டும்போது தண்ணீரில் முக்கினால் முனை வெடித்துவிடும். அந்தத் தூளில் கோபால்ட் கலந்திருப்பதால் முகக்கவசமும் தேவை.

மழுங்கிய உளியை மறுபடி தீட்டும்போது முழுவதும் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. தேய்ந்த பட்டையின் அளவுக்கு முன்முகத்தையும் பக்கமுகத்தையும் இலேசாகத் தொட்டு, எண்ணெய்க் கல்லில் முடித்தால் போதும். முனையில் பெரிய பொரிவு வரும் வரை ஓட்டியவர் அதற்காக இரண்டு மூன்று மி.மீ. எஃகைக் கல்லுக்குக் கொடுக்க வேண்டிவரும். இப்படிக் குறைந்து குறைந்து பிடிக்க முடியாத அளவுக்குக் குட்டையான துண்டுகளைப் பட்டறைக்காரர்கள் எறிவதில்லை. துளையை உள்ளே கடையும் போரிங் பாரின் ஓட்டையில் செருகித் திருகால் இறுக்கி, அங்கே இன்னும் சில காலம் பயன்படுத்துகிறார்கள்.